பேட்டைக்கு எது முதலில் என்று குடியிருப்பாளர்களிடம் எப்படிக் கேட்பது?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், அக்கம்பக்கத் தொண்டூழியர்களின் வசிப்போர் குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் பேட்டையில் அடுத்து என்னென்ன மேம்பாட்டுப் பணிகள் செய்யலாம் என்று குடியிருப்பாளர்களைக் கேட்டு, முன்னுரிமை வரிசைப்படி பட்டியல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் போட்டால் எப்போதும் வரும் பத்துப் பேர்தான் வருவார்கள். மற்றவர்களிடம் எப்படிக் கேட்பது? வரும் பதில்களை எப்படி வரிசைப்படுத்துவது? எங்கள் தலைவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு உடற்பயிற்சிப் பகுதி இருப்பது போலத் தெரிகிறது. அப்படியானால் கேட்டுத்தான் என்ன பயன்?”

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன். இந்த வேலையில் பல வருடம் ஊறியவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வித்தாள் தயாரிக்க உட்காருமுன், அது எந்தப் பணம் என்று விசாரியுங்கள். நிதி, நிதி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒவ்வொரு நிதிக்கும் விதி வேறு. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பேட்டைகளில் கூரை போட்ட நடைபாதை, விளையாட்டிடம், உடற்பயிற்சிப் பகுதி, சாய்தளம் போன்றவை பெரும்பாலும் ‘சிஐபிசி’ பணத்தில் வருகின்றன. தேசிய வளர்ச்சி அமைச்சின் கீழ் இருக்கும் சமூக மேம்பாட்டுத் திட்டங்களுக்கான குழுவைத்தான் எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள். செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கும், மீதியை நகர மன்றம் போடும். திட்டத்தை முன்மொழிவது தொகுதியின் அடித்தள அமைப்பான குடிமக்கள் ஆலோசனைக் குழு, கட்டி முடித்துப் பராமரிப்பது நகர மன்றம். முன்மொழிகிறவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கட்சி வென்ற தொகுதிகளில் இது நாடாளுமன்றம் வரை போன விவகாரம். நகர மன்றம் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கையில் இருக்கும், முன்மொழியும் குழுவோ அரசாங்க அமைப்பான மக்கள் கழகத்தின் குடையின்கீழ் இருக்கும். உங்கள் தொகுதி எதுவாக இருந்தாலும், இரண்டு தரப்போடும் பேசாமல் குடியிருப்பாளர்களிடம் போய் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பேட்டை பழையது என்றால் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் வரலாம். 2007ல் தொடங்கியது, முழுச் செலவும் அரசாங்கத்துடையது. அடுத்தடுத்துள்ள புளோக்குகளைச் சேர்த்து ஒரே மூச்சில் செய்வார்கள். அதில் குடியிருப்பாளர்களைக் கேட்பது விருப்பத்தைப் பொறுத்ததல்ல, கட்டாயம். தகுதியுள்ள வீடுகளில் 75 விழுக்காடு சரி என்றால்தான் வேலை தொடங்கும். சிறிய அளவில், கீழ்த்தளத்துச் சுவரில் ஓவியம், ஒரு மூலையில் உட்காரும் இடம், தோட்டத்துக்கு நிழல் என்று அக்கம்பக்கத்தாரே செய்ய நினைத்தால், பொது இடங்களுக்கு உயிரூட்டும் வீவக திட்டத்தில் 20,000 வெள்ளி வரை மானியம் கேட்கலாம். அதற்கு முன்னுரிமைப் பட்டியல் எல்லாம் வேண்டாம், முன்னின்று நடத்த நாலு பேர் வேண்டும்.

சாலையைக் கடக்கும் இடம், பேருந்து நிறுத்தம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வேலை. பூங்கா இணைப்புப் பாதையும் சாலையோர மரமும் தேசியப் பூங்காக் கழகத்தின் வேலை. குடியிருப்பாளருக்கு இந்த எல்லைகள் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிரித்து அனுப்புவது உங்கள் பாடு. உடைந்த ஓடு, எரியாத விளக்கு மாதிரி புகார்களை ஒன்சர்வீஸ் செயலியில் அன்றைக்கே போட்டுவிடுங்கள். 2015ல் வந்ததிலிருந்து எந்த அமைப்புக்கு எது என்று அதுவே பிரித்து அனுப்புகிறது. மேம்பாட்டுப் பட்டியலில் புகார்கள் கலந்துவிட்டால் அப்புறம் பட்டியல் பட்டியலாக இருக்காது.

சரி, இப்போது கேட்கும் விதம்.

‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லாப் பேட்டையிலும் ஒரே பதில்தான் வரும்: கூரை போட்ட நடைபாதை, உடற்பயிற்சிப் பகுதி, பெரிய விளையாட்டிடம். பக்கத்துப் பேட்டையில் எதைப் பார்த்தார்களோ அதைச் சொல்வார்கள். அது தப்பில்லை, ஆனால் உங்கள் பேட்டையைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதற்குப் பதிலாக, எந்த இடத்தில் தினமும் சிரமப்படுகிறீர்கள், மழை பெய்தால் எந்த வழியாகப் போகிறீர்கள், இருட்டிய பிறகு எந்தப் பக்கம் போகத் தயங்குகிறீர்கள் என்று கேளுங்கள். எதைக் கட்டுவது என்பது அதற்கு அடுத்த பேச்சு.

நம் ஆட்களிடம் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வயதான தமிழ் அம்மாக்களிடம் தாளோடு போய் நின்றால், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, கவர்மெண்டு நல்லாத்தான் செய்யுது” என்று சொல்லி, உள்ளே வா, டீ குடி என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். குறை சொன்னால் யாரையோ குற்றம் சாட்டுவதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம். அதே அம்மாவோடு காலையில் சந்தைக்கு நடந்து பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரோடு அப்படி நடந்தேன். தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு வந்தவர், புளோக்குக்கும் கடைத்தொகுதிக்கும் நடுவில் மூன்று படிகள் இருக்கும் இடத்தில் நேராகப் போகாமல் வலதுபக்கம் திரும்பினார். வாகன நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து, பின்னால் எடுக்கும் கார்களுக்கு நடுவில் சுற்றி, சாய்வாக இருந்த ஓர் இடத்தில் ஏறி மறுபடியும் நடைபாதைக்கு வந்தார். ஏன் என்றதற்கு, “காய் வாங்கிட்டு வர்றப்ப பையத் தூக்க முடியாதுல்ல” என்றார். இதைக் குறை என்றே அவர் நினைக்கவில்லை. வழி அப்படித்தான் என்று பழகிப்போய்விட்டது. இந்த மாதிரித் தகவல் எந்தப் படிவத்திலும் வராது. முடிந்தால் ஒரு முதியவர், சக்கர நாற்காலியில் செல்பவர் ஒருவர், குழந்தை வண்டி தள்ளும் அம்மா ஒருவர் என்று மூன்று பேரோடாவது அவர்கள் வழக்கமாகப் போகும் வழியில் கூடவே நடந்துவிட்டு, அப்புறம் கேள்வித்தாளை எழுதுங்கள்.

எங்கே போய்க் கேட்பது? சமூக மன்றத்தில் கூட்டம் போட்டால் சமூக மன்றத்துக்கு வருகிறவர்கள் மட்டும்தான் வருவார்கள். கியூஆர் குறியீட்டை மின்தூக்கிப் பக்கத்தில் ஒட்டினால் கைப்பேசியில் விரைவாகத் தட்டத் தெரிந்தவர்கள், அதிலும் சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெற்றோர்கள் அதிகம் நிரப்புவார்கள், அதனால் விளையாட்டிடம் ஜெயித்துவிடும். இரண்டையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டும் போதாது என்கிறேன். மாலையில் வேலை முடிந்து எல்லாரும் திரும்பும் நேரம் மின்தூக்கிக் கூடத்தில் ஒரு மேசை போடுங்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். சனிக்கிழமைக் காலையில் ஈரச்சந்தை வாசல். பாலர் பள்ளி விடும் நேரம். முதியோர் கூடும் நிலையத்தில் உடற்பயிற்சி முடிந்து மைலோ குடிக்கும் நேரம். இரவு வேலை பார்க்கும் பாதுகாவலர்கள், துப்புரவு வேலை செய்பவர்கள் விடிகாலையில்தான் கிடைப்பார்கள். இருட்டில் எந்தப் பாதை பயமாக இருக்கிறது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள், வேறு யாருக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. மூத்தவர்களின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் பணிப்பெண்களையும் விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன 75 விழுக்காட்டுக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள், ஆனால் சாய்தளம் எங்கே செங்குத்தாக இருக்கிறது என்று கையால் அறிந்தவர்கள் அவர்கள்தான்.

பெரிய அளவில் இப்படிக் கேட்டது இங்கே நடக்காத விஷயமல்ல. 2017ல் திறக்கப்பட்ட ‘நம் தெம்பனிஸ் நடுவம்’ என்ற பெரிய சமூக வளாகத்துக்காக 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். உங்களுக்கு அந்த ஆள்பலம் இல்லை, தேவையும் இல்லை. நான்கைந்து புளோக்குகள்தான் என்றால், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதைவிட யார் இன்னும் சொல்லவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் புளோக் எண், தோராயமான வயது, எந்த மொழியில் பேசினார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். பாதி வேலை முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். மலாய்க்காரர்கள் குறைவா? குறிப்பிட்ட ஒரு புளோக்கிலிருந்து யாருமே இல்லையா? மீதி நேரத்தை அங்கே செலவிடுங்கள். துண்டறிக்கையை நாலு மொழியிலும் போடுங்கள். ஹொக்கியன் தெரிந்த ஒரு தொண்டூழியர் பக்கத்தில் நின்றால் சீனப் பாட்டிகள் மளமளவென்று பேசுவார்கள், மாண்டரினில் அதே பாட்டி இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்.

சிரமங்கள் தெரிந்ததும், நகர மன்ற அதிகாரியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் என்ன தீர்வு, தோராயமாக என்ன செலவு என்று கேட்டு வாங்குங்கள். துல்லியமாக வேண்டாம். விலை தெரியாமல் முன்னுரிமை கேட்பது வீண். எல்லாமே இலவசம் என்றால் எல்லாமே முதலிடம்தான். மொத்தம் 5 லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பிளாஸ்டிக் வில்லைகளைக் கையில் கொடுத்து, ஒரு வில்லை 50,000 வெள்ளி என்று சொல்லிவிடுங்கள். நீண்ட நடைபாதைக் கூரைக்கு ஆறு வில்லை, உடற்பயிற்சிப் பகுதிக்கு நான்கு, படிக்குப் பக்கத்தில் சாய்தளத்துக்கு ஒன்று என்று படத்தோடு பெட்டிகளை வைத்துவிட்டால், மக்கள் தாங்களே கணக்குப் போடத் தொடங்குவார்கள். கணவனும் மனைவியும் அங்கேயே வாதாடுவார்கள். அந்த வாதத்தை யாராவது பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ள வேண்டும். வில்லை எந்தப் பெட்டியில் விழுந்தது என்பதைவிட, ஏன் அதில் போட்டார்கள் என்பதற்கு மதிப்பு அதிகம். “மழையில் என் பெண் பள்ளிக்கூடத்துக்கு நனைஞ்சுக்கிட்டுப் போறா” என்பதும் “கூரை இருந்தால் வீட்டு விலை ஏறும்” என்பதும் ஒரே பெட்டியில் விழுகிற வெவ்வேறு வில்லைகள்.

வில்லைகளை எண்ணி அதிலிருந்து நேரே பட்டியல் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உடற்பயிற்சிப் பகுதிக்கு நூற்றுக்கணக்கில் வில்லை விழும், சக்கர நாற்காலியில் இருக்கும் நாலைந்து பேருக்கு வேண்டிய சாய்தளத்துக்கு ஏழெட்டு விழும். அந்த நாலைந்து பேர் வீட்டை விட்டு இறங்குவதே அந்தச் சாய்தளத்தால்தான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர்கள் எந்தக் காலத்திலும் ஜெயிக்க முடியாது. அதனால் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, ஒருவரை வீட்டுக்குள்ளேயே முடக்கிப்போடுவது, இந்த இரண்டு வகையையும் வாக்குக்கே விடாதீர்கள். முதலில் அவற்றுக்குப் பணத்தை ஒதுக்கிவிட்டு, மீதி இவ்வளவு இருக்கிறது, இதை என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அப்படி ஒதுக்கியதையும் மறைக்காமல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள். சாய்தளம் மாதிரி வேலைகளுக்குப் பெரும்பாலும் செலவும் குறைவுதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. மக்களே பட்ஜெட் போடும் முறைக்கு எல்லாரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989ல் தொடங்கிய அந்த முறையில், எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதை வாக்குகளை எண்ணி மட்டும் முடிவு செய்யவில்லை. அங்கு வசிப்பவர்கள் எதை முதலில் வைத்தார்கள், எத்தனை பேர் வசிக்கிறார்கள், அந்த வசதி அங்கே ஏற்கெனவே எவ்வளவு குறைவாக இருக்கிறது என்ற மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினார்கள். உங்கள் நாலு புளோக்குகளுக்குச் சூத்திரம் எல்லாம் தேவைப்படாது. ஆனால் ‘ஏற்கெனவே எது இல்லை’ என்ற அந்த மூன்றாவது கேள்வியை மறக்காதீர்கள். ஐந்து நிமிட நடையில் வேறோர் உடற்பயிற்சிப் பகுதி ஏற்கெனவே இருந்தால், புதியது பட்டியலில் பின்னால் போகலாம்.

மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தை நினைவிருக்கிறவர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது. 2001ல் அது தொடங்குவதற்கு முன்னால் பல பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. நிற்கும் மாடியில் இறங்கி, மீதியைப் படியில் ஏறுவார்கள் அல்லது இறங்குவார்கள். அதிலும் 75 விழுக்காட்டு ஆதரவு தேவைப்பட்டது. தன் மாடியில் ஏற்கெனவே மின்தூக்கி நிற்கும் ஒருவர், மேல்மாடித் தாத்தாவுக்காகச் சரி என்று சொல்லவேண்டும். எத்தனையோ புளோக்குகளில் சொன்னார்கள் என்பதால்தான் அந்த மாற்றம் வந்தது. வீடுவீடாகப் போய், மேல்மாடியில் யார் இருக்கிறார் என்று எடுத்துச் சொல்ல ஆட்கள் இருந்ததும் ஒரு காரணம் என்பேன்.

மக்களைக் கேட்பது என்றால் எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2012ல் உட்லண்ட்ஸில் கீழ்த்தளத்தில் முதியோர் பராமரிப்பு நிலையம் வருவதை எதிர்த்து அந்த புளோக்குகளில் வசித்தவர்கள் மனுக் கொடுத்தார்கள். அதே வருடம் தோ யீ டிரைவில் மூத்தோருக்கான ஸ்டூடியோ வீடுகளுக்கும் எதிர்ப்பு எழுந்தது. வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வைத்திருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதிரி விஷயங்களில் மக்களிடம் கேட்கவேண்டியது, வருவது உறுதி, உங்களுக்கு என்ன கவலை, வாசல் எந்தப் பக்கம் இருக்கலாம், பிள்ளைகள் விளையாடும் இடம் போகாமல் எப்படிச் செய்யலாம் என்பதுதான். கேட்கும் கேள்விக்கு வரும் எந்தப் பதிலையும் ஏற்க உங்களால் முடியும் என்றால் மட்டும் கேளுங்கள். முடியாது என்றால் கேள்வியை மாற்றுங்கள்.

பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுவதற்குத்தான் அரசாங்கப் பணம். கட்டிய பிறகு பாசி கழுவுவது, விளக்கு மாற்றுவது, உடைந்த மிதியைச் சரிசெய்வது எல்லாம் நகர மன்றத்தின் மாதக் கட்டணத்தில், அதாவது நம் எல்லார் பையிலிருந்தும் போகிறது. பட்டியலில் ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே, பத்து வருடத்தில் இதற்கு என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சமூகத் தோட்டம் என்றால் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று பெயரோடு கேளுங்கள். ஐந்து பேர் கை தூக்காவிட்டால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

முடிவு வந்ததும், மின்தூக்கிக் கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு தாள் ஒட்டுங்கள். எது தேர்வானது என்பதைவிட, எது தேர்வாகவில்லை, ஏன் என்பதைப் பெரிதாகப் போடுங்கள். “மூன்றாவது புளோக்குக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே கூரை: இந்த முறை பணம் போதவில்லை, அடுத்த முறை முதலில் பார்க்கப்படும்” என்கிற மாதிரி. முன்மொழிவு போய், அனுமதி வந்து, ஒப்பந்தக்காரர் வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரைக்கும் ஒரு சத்தமும் இல்லாவிட்டால் அடுத்த முறை மேசை போட்டு உட்காரும்போது யாரும் நிற்கமாட்டார்கள். “போன தடவையும் கேட்டீங்களே” என்று ஒரு ஆன்ட்டி சொல்லிவிட்டுப் போனால் பின்னால் வருகிற பத்துப் பேரும் அவரோடு போய்விடுவார்கள்.

இனி உங்கள் தலைவர். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பல வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து உழைக்கும் ஒருவருக்கு, தன் காலத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று வரவேண்டும் என்ற ஆசை இருக்கத்தான் செய்யும். உடற்பயிற்சிப் பகுதியில் ரிப்பன் வெட்டலாம், சாய்தளத்தில் வெட்ட முடியாது. நேரே போய், “அண்ணே, உடற்பயிற்சிப் பகுதி முடிவாகிவிட்டதா, இல்லை இன்னும் திறந்திருக்கிறதா?” என்று கேட்டுவிடுங்கள். எல்லார் முன்னாலும் வேண்டாம், கூட்டம் முடிந்து காப்பிக் கடையில் தே தாரே குடிக்கும்போது கேளுங்கள். முடிவாகிவிட்டது என்றால், எது வேண்டும் என்று மக்களைக் கேட்டு நாடகம் ஆடாதீர்கள். வருவது உடற்பயிற்சிப் பகுதி, எங்கே வைக்கலாம், முதியோருக்கான கருவிகள் எத்தனை, வெயில் படாமல் எப்படி, காலை ஆறு மணிக்குச் சத்தம் போட்டால் எந்த வீட்டுச் சன்னல் பக்கம் கேட்கும் என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதில்கள் அந்தப் பகுதியை உண்மையிலேயே நல்லதாக்கும். திறந்திருக்கிறது என்றால், மேலே சொன்ன நடையில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காய்கறிப் பையோடு கார்களுக்கு நடுவில் சுற்றிப் போகும் ஒரு அம்மாவுக்குப் பின்னால் அவரும் ஒருமுறை நடக்கட்டும். அதற்கப்புறம் அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு, கேள்வித்தாளைத் தொடங்குங்கள்.